பத்துப் பதக்கம், ஒரே சட்டை: ஹர்லிங் பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் அயர்லாந்தின் ஹர்லிங் ஆட்டக்காரர் ஹென்றி ஷெஃப்லின் பற்றி நான்கு வரியில் ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தோம். 1999 முதல் 2014 வரை கில்கென்னி கவுண்டிக்காக (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) ஆடியவர். அகில அயர்லாந்து சாம்பியன் பட்டத்தை 10 முறை வென்றவர். 71 சாம்பியன்ஷிப் ஆட்டங்களில் 27-484 எடுத்தவர். இதற்கெல்லாம் சம்பளம் என்று எதுவும் வாங்காதவர். அவ்வளவுதான் எழுதினோம். அந்த நான்கு வரிக்கு வந்த கடிதங்கள் மேசை நிறைய இருக்கின்றன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

படத்தைப் பார்த்தா ஹாக்கி மாதிரி இருக்குதுங்க. ஆனா பந்தைக் கையில வச்சிருக்காரு. இது என்ன ஆட்டமுங்க?
*கல்லூரி மாணவர், கோபிசெட்டிபாளையம்*

ஹாக்கிக்குத் தூரத்துச் சொந்தம் என்று வேண்டுமானால் சொல்லலாம். ஹாக்கியில் பந்து பெரும்பாலும் தரையில் ஓடும். ஹர்லிங்கில் பெரும்பாலும் வானத்தில் இருக்கும். ஒரு பக்கத்துக்கு 15 பேர்: கோல்காப்பாளர் ஒருவர், தடுப்பு ஆறு, நடுவில் இரண்டு, முன்வரிசை ஆறு. மைதானத்தின் நீளம் 130 முதல் 145 மீட்டர், அகலம் 80 முதல் 90 மீட்டர். நம் கணக்கில் இரண்டரை ஏக்கரிலிருந்து மூன்றேகால் ஏக்கர் வரை வரும். ஒரு நல்ல தோட்டம் அளவு.

மட்டை ஆஷ் மரத்தில் செய்தது. அடிமுனை அகப்பை போல அகன்றிருக்கும், அதிகபட்சம் 13 செ.மீ. அயர்லாந்து மொழியில் மட்டைக்குக் கமான் என்று பெயர், பந்துக்கு ஸ்லிட்டர். பந்து 69 முதல் 72 மி.மீ. விட்டம், 110 முதல் 120 கிராம் எடை. நம் கிரிக்கெட் பந்தும் ஏறக்குறைய அதே பருமன்தான், ஆனால் 156 கிராமுக்குக் குறையாது. கையில் வாங்கிப் பார்த்தால் அந்த 40 கிராம் வித்தியாசம் உடனே தெரியும். தோலின் தையல் விளிம்புகள் வரப்பு மாதிரி எழும்பி நிற்கும். மட்டையும் கையும் பந்தைப் பிடிக்க அதுதான் உதவி.

விதிகளில் மூன்றைப் புரிந்துகொண்டால் ஆட்டத்தைப் பார்க்கலாம். தரையில் கிடக்கும் பந்தைக் கையால் எடுக்கக் கூடாது. மட்டையாலோ காலாலோ எழுப்பித்தான் பிடிக்க வேண்டும். கையில் வைத்துக்கொண்டு நான்கு எட்டுக்கு மேல் போகக் கூடாது. ஒருமுறை பந்து வசமானால் இரண்டு தடவைதான் கைக்குக் கொண்டுவரலாம். அதற்கு மேல் ஓட வேண்டுமென்றால் பந்தை மட்டையின் தட்டையான முனையில் நிறுத்திக்கொண்டு ஓட வேண்டும், பின்னாலிருந்து ஆள் துரத்தும்போது. கவுண்டி அணிகளின் ஆட்டம் 70 நிமிடம்.

ஷெஃப்லின் பெரும்பாலும் 11-ஆம் எண் இடத்தில் ஆடியவர். எதிரணித் தடுப்பின் நடுத்தூணுக்கு எதிரே நிற்கும் இடம் அது. மேலேயிருந்து விழும் பந்துக்காக ஒவ்வொரு முறையும் மோத வேண்டியிருக்கும்.

27-484 என்றால் 27 வெற்றி, 484 தோல்வி என்று படித்து விட்டேன். பிறகுதான் தவறு என்று தோன்றியது. எப்படிப் படிப்பது? இன்றைக்கும் இவர்தான் முதலிடமா?
*பனியன் கம்பெனிக் கணக்கர், திருப்பூர்*

கோடுக்கு முன்னால் இருப்பது கோல், பின்னால் இருப்பது புள்ளி. கோல்கம்பம் ஆங்கில எழுத்து எச் வடிவில் நிற்கும். கம்பங்களுக்கு நடுவே 6.5 மீட்டர், குறுக்குச் சட்டம் 2.5 மீட்டர் உயரத்தில். சட்டத்துக்குக் கீழே வலைக்குள் போனால் ஒரு கோல், அதாவது 3 புள்ளி. சட்டத்துக்கு மேலே கம்பங்களுக்கு நடுவே போனால் 1 புள்ளி. ஆக 27 × 3 = 81, கூட 484, மொத்தம் 565. அதை 71-ஆல் வகுத்தால் ஆட்டத்துக்குக் கிட்டத்தட்ட 8.

இன்று முதலிடம் இவர் இல்லை. கால்வே கவுண்டியின் ஜோ கேனிங் 2021 ஜூலையில் தன் கடைசி ஆட்டத்தில் இவரைத் தாண்டினார்: 27-486, அதாவது 567, வெறும் 62 ஆட்டங்களில். கேனிங்குக்குப் பிறகும் எண்ணிக்கை மேலே போய்விட்டது. ஷெஃப்லினுக்கு முன் சாதனை வைத்திருந்தவர் அதே கில்கென்னியின் எடி கெஹர்: 50 ஆட்டங்களில் 35-336, அதாவது 441. ஆட்டத்துக்குச் சராசரி பார்த்தால் கெஹருக்கு 8.8 வரும், ஷெஃப்லினை விட அதிகம்.

நீங்கள் கணக்கர் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த எண்களை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைக்கக் கூடாது. கெஹர் ஆடிய காலத்தின் முற்பகுதியில் ஆட்டம் 60 நிமிடம். 1970 முதல் 1974 வரை பெரிய ஆட்டங்கள் 80 நிமிடம். 1975-க்குப் பிறகுதான் 70. தவிர, அந்தக் காலத்தில் ஒரு தோல்வி வந்தால் அந்த ஆண்டு முடிந்தது. 1997-இலிருந்து தோற்ற அணிக்கு இரண்டாவது வாய்ப்புக் கிடைத்தது. 2018-இல் மாகாணப் போட்டிகள் சுற்றுமுறை ஆகிவிட்டன. இப்போது ஆடுபவருக்கு ஆண்டுக்கு ஆட்டங்கள் கூடுதல், மொத்தமும் தானாக வளரும். மேலும் இவர்கள் எல்லோருமே அணியின் ஃப்ரீ அடிகளை, அதாவது எதிரணி தவறு செய்தால் கிடைக்கும் அடிகளை, எடுத்தவர்கள். மொத்த எண்ணிக்கையில் பெரும்பங்கு அங்கிருந்து வருகிறது. ஃப்ரீ எடுக்காத ஓர் அருமையான முன்வரிசை ஆள் இந்தப் பட்டியலில் தென்படவே மாட்டார்.

ஷெஃப்லினை அளக்கச் சரியான படி 565 அல்ல என்பது எங்கள் எண்ணம். 1999-இலிருந்து 2014 வரை கில்கென்னி ஆடிய இறுதிப் போட்டிகளில் எத்தனை ஆண்டுகள் இவர் களத்தில் இருந்தார் என்பதைப் பாருங்கள். 2000, 2002, 2003, 2006, 2007, 2008, 2009, 2011, 2012, 2014 ஆகிய பத்தும் வெற்றி. 1999, 2004, 2010 தோல்வி. களத்தில் இறங்கி ஆடி 10 பதக்கம் பெற்ற முதல் ஆள் அவர். ஆண்டின் சிறந்த 15 பேருக்குத் தரும் ஆல் ஸ்டார் விருது 11 முறை. ஆண்டின் சிறந்த ஹர்லர் 2002, 2006, 2012 என்று மூன்று முறை. முதல் முறைக்கும் மூன்றாவது முறைக்கும் நடுவே பத்து வருடம், இரண்டு மூட்டு அறுவைச் சிகிச்சை.

எங்க பக்கம் கபடி டோர்னமென்ட்ல ஜெயிக்கணும்னா வெளியூர் ஆளுங்களை இறக்குவாங்க. இத்தனை நல்லா ஆடுனவரைக் காசு குடுத்து வேற டீம் ஏனுங்க கூப்பிடலை? சம்பளம் இல்லாம எப்படிப் பொழச்சாரு?
*கபடிப் போட்டி அமைப்பாளர், காங்கேயம்*

கூப்பிட வழியில்லை என்பதுதான் பதில். 1884 நவம்பர் 1 அன்று டிப்பரேரி கவுண்டியின் தர்லஸ் ஊரில் தொடங்கிய கேலிக் தடகளச் சங்கம்தான் இந்த ஆட்டத்தை நடத்துகிறது. அதன் அடித்தளமே இரண்டு விஷயம்: ஆட்டக்காரருக்குச் சம்பளம் கிடையாது, ஆட்டக்காரர் தன் ஊருக்குத்தான் ஆடுவார். தேவாலயப் பங்கு எல்லையை ஒட்டி ஒரு கிளப். அந்தக் கிளப்பில் நன்றாக ஆடினால் கவுண்டி அணி. நம் கணக்கில் ஊர் அணி, பிறகு மாவட்ட அணி. வேலைக்காகக் குடி பெயர்ந்தால் கிளப் மாற்றம் கேட்கலாம், அதற்கும் குடியிருப்பு விதிகள் உண்டு. பணத்துக்காக ஒரு கவுண்டியிலிருந்து இன்னொன்றுக்கு ஆளை வாங்குவது என்ற பேச்சே இல்லை.

ஷெஃப்லினின் கிளப் பாலிஹேல் ஷாம்ராக்ஸ். மிகச் சிறிய ஊர். கில்கென்னி கவுண்டி முழுவதிலும் சேர்த்தே சுமார் 1 லட்சம் பேர்தான். பொள்ளாச்சி நகரத்தை விடக் கொஞ்சம் அதிகம். அந்த ஜனத்தொகையிலிருந்து எடுத்த 15 பேர் இறுதிப் போட்டி ஆடும் டப்ளின் குரோக் பார்க் அரங்கில் 82,000 பேருக்கு மேல் உட்காரலாம்.

பிழைப்பு? வங்கி வேலை. பகலில் வேலை, மாலையில் காரை எடுத்துக்கொண்டு பயிற்சிக்கு. பயிற்சிக்கு வந்து போகப் பயணப்படி, சாப்பாடு, உடுப்பு, காயம்பட்டால் மருத்துவம் இவை கிடைக்கும். கவுண்டி ஆட்டக்காரர்களுக்கு அரசு தரும் சிறு உதவித்தொகை அவர் ஆடிய காலத்தின் பிற்பகுதியில் வந்தது. ஆசிரியர், விவசாயி, தச்சர், போலீஸ் என்று அணி முழுக்க இப்படித்தான் இருக்கும்.

இதனால் ஒரு ஆட்டக்காரரின் வாழ்க்கை வேறு மாதிரி அமைகிறது. கில்கென்னியில் இடம் கிடைக்காவிட்டால் வேறெங்கும் போக முடியாது, காத்திருக்க வேண்டும். பயிற்சியாளரோடு ஒத்துவராவிட்டாலும் அதே பயிற்சியாளர்தான். ஷெஃப்லினுக்கு முதல் ஆண்டிலிருந்து கடைசி ஆண்டு வரை ஒரே மேலாளர், பிரையன் கோடி. கவுண்டி ஆட்டம் முடிந்ததும் ஊர்க் கிளப்புக்குத் திரும்பி, நேற்று வரை பக்கத்தில் நின்று ஆடியவரையே எதிர்த்து ஆட வேண்டும். கிளப்புகளுக்கான அகில அயர்லாந்துப் பட்டத்தையும் பாலிஹேலோடு 2007, 2010, 2015 என மூன்று முறை வென்றார். 2015 மார்ச் 17 அன்று அந்த மூன்றாவதை வென்ற அடுத்த வாரம் கவுண்டி ஆட்டத்திலிருந்து ஓய்வு அறிவித்தார்.

வெளியூர் ஆளை இறக்கும் வழக்கத்தை நாங்கள் குறை சொல்லவில்லை. பரிசுத்தொகை வைத்து நடக்கும் போட்டிக்கு அது பொருந்துகிறது. ஆனால் உங்கள் போட்டியில் ஒரு பிரிவையாவது ‘அந்தந்த ஊர் ஆட்கள் மட்டும்’ என்று வைத்துப் பாருங்கள். ஊர்ப் பையன்கள் பயிற்சிக்கு வருவதற்கு ஒரு காரணம் கிடைக்கும்.

எனக்கு ரெய்டு போகும்போது முழங்கால் ஜவ்வு அறுந்துவிட்டது. இவருக்கு இரண்டு தடவை அறுந்து, திரும்பி வந்து ஜெயித்தார் என்று படித்தேன். எப்படி முடிந்தது?
*கபடி ஆட்டக்காரர், பெருந்துறை*

உங்கள் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஷெஃப்லின் கதையில் ஒரு தடவை முடிந்தது, ஒரு தடவை முடியவில்லை. இரண்டையும் தெரிந்துகொள்வது உங்களுக்குப் பயன்படும்.

2007 இறுதிப் போட்டி, லிமெரிக்குக்கு எதிராக. அந்த ஆண்டு அவர் கேப்டன். முதல் பாதியிலேயே ஒரு கோல் அடித்தார், அந்தப் பாதியிலேயே முழங்காலின் முன் சிலுவை ஜவ்வு அறுந்தது. இடைவேளைக்குப் பிறகு இறங்கவில்லை. கில்கென்னி 2-19க்கு 1-15 என்று வென்றது, அவர் கோப்பையை வாங்கினார். அடுத்த கோடையில் திரும்பி வந்து 2008, 2009 இரண்டு பட்டமும் வென்றார்.

2010 ஆகஸ்ட் 8, கார்க்குக்கு எதிரான அரையிறுதி. மறுபடியும் சிலுவை ஜவ்வு. இறுதிப் போட்டி செப்டம்பர் 5. நடுவில் நான்கே வாரம். தொடர்ந்து ஐந்தாவது பட்டம் என்ற யாரும் எட்டாத இடத்தின் வாசலில் கில்கென்னி நின்றது. அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டுத் தொடைத் தசையைப் பலப்படுத்தினார். இறுதிக்கு முந்தைய பயிற்சியில் ஓடினார், திரும்பினார். ஆயிரக்கணக்கானோர் வந்து பார்த்தார்கள். இறுதிப் போட்டியில் முதல் வரிசையில் இறங்கினார். கால் மணி நேரம் முடிவதற்குள் வெளியேற வேண்டியதாயிற்று. டிப்பரேரியின் லார் கார்பெட் மூன்று கோல் அடித்தார். 4-17க்கு 1-18 என்று கில்கென்னி தோற்றது.

பயிற்சியில் தாங்கிய மூட்டு ஆட்டத்தில் ஏன் தாங்கவில்லை? சிலுவை ஜவ்வின் வேலை இரண்டு: முழங்காலுக்குக் கீழே உள்ள கணைக்கால் எலும்பு தொடை எலும்புக்கு அடியிலிருந்து முன்னால் நழுவாமல் பிடிப்பது, உடல் திரும்பும்போது மூட்டு முறுக்கிக்கொள்ளாமல் காப்பது. நேராக ஓடும்போது தொடைத் தசைகள் அந்த வேலையைப் பெருமளவு செய்துவிடும். தெரிந்தே, எதிர்பார்த்துத் திரும்பும்போதும் தசை முன்கூட்டியே இறுகித் தாங்கிக்கொள்ளும். எதிரி மோதும்போது, வழுக்கும்போது, பந்து எதிர்பாராத பக்கம் துள்ளும்போது தசைக்கு நேரம் கிடைக்காது. அந்த ஒரு நொடியில் மூட்டு நழுவும். கபடியில் ரெய்டரின் ஒவ்வொரு நொடியும் அந்த மாதிரிதான். கோட்டைத் தொட்டுத் திரும்பும் கால்தான் முதலில் போகும்.

அதனால் உங்களுக்கு: ‘டொப்’ என்ற சத்தம், சில மணி நேரத்துக்குள் வீக்கம் என்றால் எண்ணெய் போட்டு உருவ விடாதீர்கள், உள்ளே ரத்தம் கட்டியிருக்கும் மூட்டில் அது வீக்கத்தைக் கூட்டும். எலும்பு மருத்துவரிடம் போய் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாருங்கள், கூடவே மெனிஸ்கஸ் என்ற இடைத்தட்டும் கிழிந்திருக்கிறதா என்று கேளுங்கள். அறுவைச் சிகிச்சை என்று முடிவானால் அவசரமாகப் படுக்க வேண்டாம்: வீக்கம் வடிந்து, முழங்கால் முழுக்க நீட்ட வந்து, முன்தொடை இறுகத் தெரிந்த பிறகு செய்துகொண்டவர்களுக்கு மூட்டு விறைப்பு குறைவு. செய்துகொண்ட பிறகு 9 மாதத்துக்கு முன் போட்டியில் இறங்கினால் மறுபடி அறுபடும் வாய்ப்புக் கூடுகிறது. 9 மாதம் ஆனது என்பது மட்டும் போதாது; அறுந்த காலின் முன்தொடை பலம் நல்ல காலின் பலத்தில் 90 சதவீதமாவது வர வேண்டும், ஒற்றைக் காலில் தாவும் தூரமும் அதே அளவு வர வேண்டும். இரண்டையும் பிசியோதெரபிஸ்ட் அளந்து சொல்வார். வலி இல்லை என்பதை அளவுகோலாக வைக்காதீர்கள். வலி நின்று பல மாதம் கழித்துத்தான் பலம் வரும்.

2010 இறுதிக்குப் பிறகு ஷெஃப்லின் முறையாகச் சிகிச்சை எடுத்து முழுச் சுற்றும் முடித்துத்தான் 2011-இல் வந்தார். அந்த ஆண்டு டிப்பரேரியை 2-17க்கு 1-16 என்று வென்றார்கள்.

2012 இறுதியில் பெனால்டி கிடைத்தும் கோல் அடிக்காமல் சட்டத்துக்கு மேலே அடித்து ஒரு புள்ளி எடுத்தாராமே. தைரியம் போய்விட்டதா?
*வாசகர், பொள்ளாச்சி*

இல்லை. எங்கள் பார்வையில் அது சரியான கணக்கு. அன்று கால்வேயோடு ஆட்டம் சமனில் இருந்தது: 0-18, 2-12. இரண்டும் 18 புள்ளிதான். முடிய இரண்டு மூன்று நிமிடம். அந்தக் காலத்துப் பெனால்டியில் கோல்கோட்டில் மூன்று பேர் நிற்கலாம். மூன்று மட்டை, மூன்று உடல், 6.5 மீட்டர் அகலம். கோலாக்குவது எளிதல்ல, தடுத்த பந்து எதிர்த்தாக்குதலாகத் திரும்பி வரவும் கூடும். சட்டத்துக்கு மேலே அடித்தால் புள்ளி ஏறக்குறைய நிச்சயம். முன்னிலை கையில். அதைத்தான் எடுத்தார். அதன் பிறகு கடைசி நேரத்தில் ஜோ கேனிங் ஒரு ஃப்ரீயை அடித்துச் சமன் செய்தார், 0-19க்கு 2-13. மறு இறுதியில் கில்கென்னி 3-22க்கு 3-11 என்று வென்றது.

தைரியத்தைப் பற்றிப் பேசுவதென்றால் 2009-ஐயும் சேர்த்துப் பாருங்கள். டிப்பரேரிக்கு எதிரான இறுதி, அங்கும் கடைசிக் கட்டத்தில் பெனால்டி, அங்கும் மூன்று பேர் கோட்டில். அன்று கோலுக்கே அடித்தார், கோல் ஆனது. அன்று எதிரணி ஒரு ஆளை வெளியேற்றத்தில் இழந்து 14 பேரோடு ஆடியது, தவறினாலும் மீட்க நேரமும் ஆள்பலமும் இருந்தது. இரண்டு நாளும் ஒரே கை, ஒரே மட்டை, கடிகாரம்தான் வேறு.

2015-க்குப் பிறகு கோட்டில் கோல்காப்பாளர் மட்டும் நிற்கிறார். ஆனால் அடிப்பவரும் 20 மீட்டர் கோட்டைத் தாண்டுவதற்குள் அடித்துவிட வேண்டும். முன்பு பந்தை முன்னோக்கித் தூக்கி ஐந்தாறு மீட்டர் கிட்டே போய் அடிப்பார்கள். கார்க் அணியின் கோல்காப்பாளர் ஆன்டனி நேஷ் அதில் மிகவும் கைதேர்ந்தவர். அவர் அடித்த வேகமே விதி மாறக் காரணம்.

நம்ம ஊரு மல்பெரித் தண்டுல இந்த மட்டை செய்யலாமுங்களா? ஹாக்கி மட்டை மல்பெரிலதான் செய்வாங்கன்னு கேள்விப்பட்டேன்.
*பட்டுப்புழு வளர்ப்பவர், உடுமலை*

கேள்விப்பட்டது சரிதான், வடக்கே ஹாக்கி மட்டைக்கு மல்பெரி மரம் பயன்பட்டது. ஆனால் அது வெட்டாமல் வளரவிட்ட மரத்தின் அடித்தண்டு. உங்கள் தோட்டத்தில் இருப்பது தழைக்காகத் திரும்பத் திரும்பக் கவாத்து செய்யும் செடி. அதில் மட்டைக்கு ஆகும் கட்டை விழாது.

ஹர்லிங் மட்டையின் சூட்சுமம் மரத்தின் பெயரில் இல்லை, நாரின் ஓட்டத்தில் இருக்கிறது. ஆஷ் மரத்தில் தரையிலிருந்து முதல் 1.3 மீட்டர் அளவுதான் எடுப்பார்கள். அங்கே தண்டு வேரை நோக்கி வளைந்து அகலும். அந்த வளைவோடு நாரும் வளைகிறது. மட்டையின் கைப்பிடியிலிருந்து அகன்ற முனை வரை நார் அறுபடாமல் வளைந்து ஓடும்படி பலகையில் அச்சு வைத்து வெட்டுவார்கள். நேர்நார்ப் பலகையில் அதே வடிவத்தை அறுத்தால் முனை வளையும் இடத்தில் நார் குறுக்கே வெட்டுப்பட்டு நிற்கும்; இரண்டு மட்டை மோதும் முதல் மோதலில் அங்கேதான் உடையும். பிறகு முனையைச் சுற்றித் தகரப் பட்டை அடிப்பது நார் பிளக்காமல் இருக்க.

நம் மம்பட்டிக் காம்புக்குப் போடும் கருவேல் பலமானது, ஆனால் கனம்; மணிக்கட்டு தாங்காது. ஆஷ் மரத்துக்கே இப்போது ஆபத்து வந்துவிட்டது. நுனியிலிருந்து காய வைக்கும் ஒரு பூஞ்சை நோய் 2012-இல் அயர்லாந்தில் உறுதி செய்யப்பட்டது. நாட்டு மரங்கள் மளமளவென்று பட்டுப்போகின்றன. அதனால் மூங்கில் பட்டைகளை ஒட்டி அழுத்திச் செய்யும் மட்டையும் செயற்கை மட்டையும் அங்கே விற்பனைக்கு வந்துவிட்டன. உங்கள் ஊரில் முயற்சி செய்ய ஆசை இருந்தால் மூங்கில்தான் வழி: பச்சை மூங்கில் வேண்டாம், நன்றாகக் காய்ந்த மூங்கிலின் வெளித்தோல் பக்கத்துப் பட்டைகளை வளைந்த அச்சில் வைத்து ஒட்ட வேண்டும். தட்டையாக ஒட்டி வளைவாக அறுத்தால் மேலே சொன்ன அதே இடத்தில் உடையும்.

எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு மாற்றுப் பயிற்சியாகச் சொல்லித்தர விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது?
*உடற்கல்வி ஆசிரியர், தாராபுரம்*

பிடியிலிருந்து. உங்கள் பிள்ளைகள் கிரிக்கெட்டும் ஹாக்கியும் ஆடியிருப்பார்கள், அதனால் வலது கைக்காரப் பிள்ளை இடது கையை மேலே வைத்துத்தான் மட்டையைப் பிடிக்கும். ஹர்லிங்கில் தலைகீழ்: பலமான கை உச்சியில், அது மட்டையை விடவே விடாது. மற்றக் கை பந்தைப் பிடிக்க, எறிய. அடிக்கும்போது மட்டும் கீழே வந்து சேரும். இது பழகவே இரண்டு வாரம் ஆகும். இதைத் தாண்டாமல் அடுத்ததற்குப் போனால் பிள்ளைகள் பந்து வரும்போதெல்லாம் கை மாற்றித் தடுமாறுவார்கள்.

மட்டை நீளம்: நேராக நிற்க வைத்து மட்டையைப் பக்கத்தில் நிறுத்தினால் உச்சி இடுப்பெலும்பு வரை வர வேண்டும். நீளமாக இருந்தால் வீச்சு தாமதமாகும். ஹாக்கி மட்டை ஆகாது, அதன் ஒரு பக்கம்தான் தட்டை. பந்துக்குக் கிரிக்கெட் பந்து வேண்டவே வேண்டாம். டென்னிஸ் பந்து 57, 58 கிராம்தான், அடி தவறினாலும் காயமில்லை.

அடுத்து பந்தை எழுப்புவது. பந்தின் பக்கத்தில் முன்கால் வர வேண்டும், பின்னால் நின்று எட்டக் கூடாது. முட்டியையும் இடுப்பையும் மடக்கிக் குனிந்து, மட்டையைத் தரைக்கு ஏறக்குறைய இணையாகப் படுக்க வைத்து, கட்டைவிரல் முனையை நோக்கி இருக்கும்படி பிடித்து, பந்துக்கு அடியில் வெடுக்கென்று செருகி மேலே தூக்க வேண்டும். மட்டை செங்குத்தாக இருந்தால் பந்து முன்னால் ஓடிவிடும். பிள்ளைகள் செய்யும் பத்துத் தவறில் எட்டு இதுதான்; இடுப்பு மடங்காமல் கையை மட்டும் இறக்குவார்கள்.

எழுப்புவது வந்த பிறகு ஃப்ரீ. ஃப்ரீயில் பந்தைக் கையால் தொடக் கூடாது. தரையிலிருந்து நெஞ்சுயரம் வரை, சற்று முன்னால் தூக்கி, ஒரு எட்டு வைத்து, விழும்போது இடுப்புக்கும் முட்டிக்கும் நடுவில் அடிக்க வேண்டும். உடம்புக்கு ஒட்டித் தூக்கினால் வீச்சுக்கு இடமில்லாமல் பந்து மட்டையின் குதிகாலில் படும். தூரமாகத் தூக்கினால் எட்டி அடித்துப் பக்கவாட்டில் போகும். அடிக்கும் முன் தலை நிமிர்ந்து கம்பத்தைப் பார்த்தால் பந்தின் உச்சியில் உரசும். தூக்குவது ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வந்தால் அடி தானாகச் சரியாகும். அதனால் முதல் மாதம் அடிக்கவே விடாமல் தூக்க மட்டும் விடுங்கள்.

தலைக்கவசம் இல்லாமல் இரண்டு பேரை ஒரு பந்துக்கு விடாதீர்கள். 2010 ஜனவரி 1 முதல் அயர்லாந்தில் எல்லா வயதினருக்கும் முகக்கம்பியோடு கூடிய கவசம் கட்டாயம். கிரிக்கெட் கவசத்தின் கம்பி இடைவெளி பந்தைத் தடுப்பதற்கானது. மட்டையின் முனை குத்துவதைத் தடுக்காது. அது இல்லாதவரை தனித்தனியாகச் சுவரில் அடித்துப் பழகுவதோடு நிறுத்துங்கள்.

இவர் ஆட்டத்தை வீடியோவில் பார்க்க ஆசை. எதை முதலில் பார்ப்பது?
*வாசகி, சத்தியமங்கலம்*

2012 இறுதிப் போட்டி, கால்வேயோடு சமனில் முடிந்த முதல் ஆட்டம். அப்போது அவருக்கு 33 வயது. தோளில் அறுவைச் சிகிச்சை முடிந்து அந்த ஆண்டு தாமதமாகத்தான் சேர்ந்தார். இளவயது வேகம் இருக்காது. பந்து எங்கே போகிறது என்று பார்க்காமல், கோல்காப்பாளர் பந்தை அடிக்கத் தயாராகும்போது ஷெஃப்லின் எங்கே நடக்கிறார் என்று மட்டும் பாருங்கள். மற்றவர்கள் பந்து வானில் ஏறிய பிறகு ஓடுவார்கள். அவர் அது இறங்கும் இடத்துக்கு நான்கைந்து எட்டு முன்பே போய், எதிராளியைத் தோளால் அணைத்துக்கொண்டு நிற்பார். இரண்டாவது பாதியை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தால் போதும், தெரிந்துவிடும்.